நல்ல நேரத்தில் புறப்பட்ட பை

தஞ்சாவூர்ப் பக்கத்தில் மேடு என்று ஒன்று கிடையாது. ஆற்றங்கரைதான் எங்களுக்கு மலை. அதில் சைக்கிளை மிதித்து ஏற்றிவிட்டால், யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் கவனித்துவிட்டுத்தான் இறங்குவோம். அப்படிப்பட்ட சீமையில் பிறந்து, கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டிப் பிழைக்கிற நான், செங்கல்பட்டுக்குக் கிழக்கே குன்றும் காடுமாகக் கிடக்கும் சரளை ரோட்டில் வாடகைச் சைக்கிள் ஓட்டினேன் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். முழங்காலில் தழும்பு இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வீரம் காட்டப் போகவில்லை. என் தங்கை தங்கத்தின் மூன்று வயது மகள் செல்விக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. தங்கத்துக்குப் பிறந்த வீடு என்று சொல்ல நான் ஒருவன்தான். அவளைக் கடலோரத்தில் புதுப்பட்டினத்தில் ஒரு வாத்தியாருக்குக் கொடுத்திருக்கிறேன். குழந்தைக்குப் பெயர் வைத்த சமயத்தில் புயலடித்து எங்கள் பக்கம் ரயில் பாதையே அறுந்து போனதால் போக முடியவில்லை. மாப்பிள்ளை நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய அத்தைதான், "பொண்ணைக் குட்த்ததோட கை கழுவிட்டாங்க" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இந்தத் தடவை, ஊர்ப்பக்கம் வந்த ஒருவரிடம் தங்கம் இப்படிச் சொல்லியனுப்பினாள்: "அண்ணன் வரலைன்னா செல்வியைத் தூணில் சாய்ச்சு உட்கார வெச்சுக் காது குத்திடுவேன். வேற எவன் மடியிலும் வைக்க மாட்டேன்னு சொல்லுங்க." அவள் சொன்னால் செய்கிறவள். முதலாளியிடம் லீவு கேட்டேன். தை மாதத்தில் ஜவுளிக் கடைக்காரன் லீவு கேட்பது பட்டாளத்துக்காரன் சண்டை நாளில் லீவு கேட்பது போலத்தான். முறைத்துக்கொண்டே கொடுத்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் செங்கல்பட்டில் இறங்கினேன். ஸ்டேஷனை ஒட்டி ஒரு பெரிய ஏரி. எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டது. அதற்கு அப்பால், கவிழ்த்து வைத்த குடங்கள் மாதிரி வரிசையாகக் குன்றுகள். அவற்றை நான் வெகு அலட்சியமாகப் பார்த்தேன். மறுநாள் அவற்றின் முதுகில் ஏறப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கண்ணப்பன் வீட்டில் தங்கினேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது செங்கல்பட்டு கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. இந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு, பேச்சிலும் பாதி இந்த ஊர்க்காரனாகிவிட்டான். அவன் மனைவி ராஜம்மா ஏரி விரால் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். எங்கள் காவேரி மீனைவிட ருசி என்று எழுதினால் ஊருக்குள் விடமாட்டார்கள். மறுபடி மறுபடி சோறு வாங்கிக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது கரண்டி குழம்பை ஊற்றும்போதுதான் ராஜம்மா கேட்டாள்.

"நாளைக்கு எந்தப் பக்கம் போறீங்கோண்ணா?"

"புதுப்பட்டினம். கிழக்கே."

கரண்டி அப்படியே நின்றது. "திங்கக்கெழமையில கெழக்காலயா? சூலம் கீதேண்ணா! தெரிஞ்சி தெரிஞ்சி எப்பிடி அனுப்பறது?"

"சூலத்துக்கு ஒரு நாள் லீவு கொடுத்துவிடலாமே அம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. இன்ன கிழமையில் இன்ன திசைக்குப் போகக்கூடாது என்கிற இந்தச் சூலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் சோறு போடுகிற கையோடு வாதாடுவதும் கிடையாது. காலையில் தயிர் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் கிழக்குச் சூலத்துக்குப் பரிகாரம் என்றாள். அது போதாதென்று பரஸ்தானமும் வைத்துவிட வேண்டும் என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பரஸ்தானம் தெரியாமல் போகலாம். பயணத்துக்கு நாள் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, நம் சாமானில் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அதோடு நாம் புறப்பட்டுவிட்டதாக அர்த்தம். மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினால் சூலம் நம்மை ஒன்றும் செய்யாது. சூலத்துக்கே கண்ணில் மண்ணைத் தூவும் இந்த யுக்தியைக் கண்டுபிடித்தவன் நிச்சயமாக எங்களைப் போல ஜவுளிக் கடையில் இருந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

"போற காரியத்துக்கு எது முக்கியமோ அத்த வெக்கணும்ணா" என்றாள் ராஜம்மா. எது முக்கியம்? மாமன் போடுகிற கம்மல். செல்விக்காக நான் செய்து கொண்டுவந்த சிவப்புக்கல் கம்மல் ஒரு மஞ்சள் பையில் இருந்தது. ராகு காலம் கழிந்ததும் ராஜம்மா அந்தப் பையை எதிர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். எதிர் வீடு மாணிக்கம் என்ற லாரி டிரைவருடையது. அவர் அப்போது வீட்டில் இல்லை. அவர் மனைவி வாங்கிச் சாமி படத்தடியில் வைத்துக்கொண்டாளாம்.

திங்கட்கிழமை விடிந்தது. முகூர்த்தம், ராகு காலம் முடிந்து எமகண்டம் பிறப்பதற்குள். முதல் பஸ்ஸில் போனால் நிதானமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தயிரும் சாதமுமாகப் பிசைந்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கண்ணப்பன் கூட்ஸ் ஷெட்டிலிருந்து ஓடி வந்தான்.

"பஸ் இல்லடா! கல்யாண ஸ்பெஷலா எடுத்துகினு போய்ட்டானுங்க. அடுத்த பஸ்ஸுல போனா நீ பந்திக்குத்தான் போவ."

தயிரை ஒரே வாயில் விழுங்கிவிட்டு எழுந்தேன். முகூர்த்த நாளில் பஸ்ஸுக்கும் கல்யாணம் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "சைக்கிள் கிடைக்குமா?" என்றேன். கண்ணப்பன் என்னைக் கொல்லைப்புறமாக அழைத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினான். அங்கே சைக்கிள் கடைக்காரர் ஒரு வண்டியைத் தூக்கிக் கொடுத்தார். ஒற்றை ஆளாகத் தூக்கினாரே, அதற்கே அவருக்கு மாலை போட வேண்டும். அவ்வளவு கனம்.

"ரோடு ரோடா போனா சுத்து சார். காட்டு ரோட்ல பூந்து போ. மேடு ஏறிட்டின்னா எறக்கம் தானா வந்துரும்" என்றார். மேடு எத்தனை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது.

"பிரேக்கு இன்னாத்துக்கு சார்? நிதானமா போனா பிரேக்கே வாணாம்" என்றார்.

ராஜம்மா சீர் மூட்டையைக் கொண்டுவந்தாள். பித்தளைத் தாம்பாளம், பட்டுப் பாவாடை, வளையல், வாழைப்பழம், தேங்காய். கண்ணப்பன் தேங்காய் நார்க் கயிற்றால் கேரியரில் வைத்துக் கட்டினான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தேன். சூலத்தைக் கிழக்கே நேருக்கு நேர் சந்திக்கக் கிளம்பிவிட்டேன்.

ஊர் முடிந்து கொஞ்ச தூரம் வயல். பிறகு ரோடு இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் லாரி போகிற ரோடு. இடது பக்கம் காட்டு இலாகாவின் சரளை ரோடு. இடது பக்கம் திரும்பினதுமே சைக்கிள் பேச ஆரம்பித்துவிட்டது. மட்கார்டு ஒரு பக்கம், மூட்டைக்குள் தாம்பாளம் ஒரு பக்கம், என் பற்கள் ஒரு பக்கம். சிவப்புச் சரளை, நடுநடுவே கொழுக்கட்டை அளவு கல். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காரையும் களாவும் முள்ளுமாக அடர்ந்து, அவற்றுக்கு மேலே பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. எவன் அடுக்கினான், ஏன் இன்னும் விழவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. புதருக்குள் கௌதாரி கத்தியது. பனி இன்னும் இலைகளில் இருந்தது. குற்றம் சொல்ல மனசு வராத காலை அது.

முதல் மேட்டில் பாதிவரை மிதித்தேன். மீதியில் தள்ளினேன். உச்சிக்குப் போய் மூச்சு வாங்கிவிட்டு, இறக்கம் தானாக வரும் என்று கடைக்காரர் சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொண்டேன். தானாகத்தான் வந்தது. நிறுத்தத்தான் ஒன்றும் வரவில்லை. கல் மேல் கல்லாகத் துள்ளி, செருப்புக் காலை ஊன்றி, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, கடைசியில் ஒரு களாப் புதர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. எழுந்து பார்த்தால் முழங்கால் இரண்டும் சிராய்ப்பு. வேட்டியின் ஒரு முனையைச் சங்கிலி மென்று தின்றிருந்தது. தேங்காய் மட்டும் மூட்டையிலிருந்து விடுபட்டு, எனக்கு முன்னால் ரோட்டோடு உருண்டு போய்க்கொண்டிருந்தது.

அதைத் துரத்திக்கொண்டு ஓடியபோது எதிரே சிரிப்புச் சத்தம் கேட்டது. விறகு பொறுக்கப் போகும் பெண்கள் நாலைந்து பேர். முன்னால் வந்தவள் தேங்காயைக் காலால் தடுத்து நிறுத்தி எடுத்துக் கொடுத்தாள். நல்ல உயரம், என் வயதுதான் இருக்கும். மற்றவர்கள் அவளைப் பச்சையம்மா என்று கூப்பிட்டார்கள்.

"இன்னா அண்ணாத்த, தேங்காய்க்குப் பந்தயமா?" என்றாள். காது குத்துக்குப் போகிறேன் என்றேன். சிரிப்பு நின்றது. "மாமனா நீ? அப்ப சீக்கிரம் போ. இன்னும் ரெண்டு மேடு கீது" என்றாள். அதைக் கேட்டு என் முகம் போன போக்கைப் பார்த்து, நான் கேட்காமலே இரண்டு பேர் சைக்கிளின் பின்னால் கை வைத்துவிட்டார்கள். ஜவுளிக் கடையில் எத்தனையோ பெண்களுக்கு நான் புடவை எடுத்துப் போட்டிருக்கிறேன். எனக்காகப் பெண்கள் வண்டி தள்ளியது அன்றுதான்.

இரண்டாவது மேட்டின் பாதியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பச்சையம்மா ஒரு பாறை மேல் உட்கார வைத்து, தூக்குச் சட்டியிலிருந்து கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். கடித்துக்கொள்ள வெங்காயம். நெல் விளைகிற சீமையில் பிறந்துவிட்ட திமிரில் நான் கூழைக் கேலி செய்தவன். அன்று அந்தக் கூழ் உள்ளே போய் முழங்கால்வரை இறங்கி நின்றதை உணர்ந்தேன். அதற்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? இனிமேல் கேலி செய்ய மாட்டேன், அவ்வளவுதான்.

மேட்டின் உச்சியில் காட்டு கார்டு ஒருவர் நின்றிருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, கையில் பிரம்பு. அந்தப் பெண்களை அவருக்குத் தெரியும். என்னைத் தெரியாது.

"மூட்டையில இன்னா கீது? கட்டை கிட்டை எத்துகினு போறியா? அவுரு."

நேரமாகிறது என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. அவிழ்த்தேன். "காது குத்து சீர் ஐயா. தாம்பாளம், பாவாடை, வளையல், பழம், தேங்காய்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தேன். கம்மல் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய் திறந்தபடியே நின்றது.

மஞ்சள் பை எதிர் வீட்டுச் சாமி படத்தடியில் இருந்தது. நான் எடுத்துக்கொண்டேன் என்று ராஜம்மா நினைத்திருப்பாள். ராஜம்மா மூட்டையில் வைத்துவிட்டாள் என்று கண்ணப்பன் நினைத்திருப்பான். கொல்லைப்புறமாக ஓடின எனக்கோ எதிர் வீட்டு ஞாபகமே வரவில்லை. சூலத்தை ஏமாற்ற வைத்த பரஸ்தானம் என்னை ஏமாற்றிவிட்டது. நான் இங்கே காட்டில் நிற்கிறேன், என் பயணம் அங்கே செங்கல்பட்டில் உட்கார்ந்திருக்கிறது.

ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதுகொண்டேதான் கம்மல் கதையை அவர்களிடம் சொன்னேன். வெறுங்கையோடு போய் நின்றால் அந்த அத்தை என்ன சொல்வாள் என்பது எனக்குப் பெரிதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு தங்கம் நிற்க வேண்டுமே. பிரம்போடு நின்ற கார்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரே குனிந்து மூட்டையைக் கட்டினார். "திரும்பிப் போயி எத்துகினு வந்தா நேரம் பூடும் சார்" என்றார். அதுவரை "அவுரு" என்றவர் "சார்" என்றது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பச்சையம்மாதான் என் முன்னால் வந்து நின்றாள். "இன்னாத்துக்கு அழுவுற? எம் பொண்ணுக்கு வேப்பங்குச்சிதான் போட்டேன். காது நல்லாத்தான் ஆறிச்சி. கம்மல் இல்லன்னா குச்சி போட்டுக்கலாம். மடி இல்லன்னா இன்னா போடுவ? எந்திரி, போ" என்றாள். பக்கத்து வேம்பில் ஒரு கொழுந்துக் குச்சியை ஒடித்து, தோலை உரித்து, இரண்டு துண்டாக்கி என் சட்டைப் பையில் போட்டாள்.

எழுந்துவிட்டேன். மூன்றாவது மேட்டை எப்படி ஏறினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அதன் உச்சியிலிருந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது. காடு கீழே சரிந்து கிடந்தது. நடுவில் திருக்கழுக்குன்றத்து மலை, அதன் தலையில் கோயில். இன்னும் கிழக்கே, வானத்தின் ஓரத்தில் நீலமாக ஒரு கோடு. கடல். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எங்கேயோ தங்கம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்ததும், பிரேக் இல்லாத வண்டியை இறக்கத்தில் விட்டுவிட்டேன். இந்தத் தடவை விழவில்லை. காற்று காதை அடைத்தது. பயத்தோடு சந்தோஷமும் கலந்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

திருக்கழுக்குன்றம் வரும்போது பின் சக்கரம் முள் வாங்கி உட்கார்ந்துவிட்டது. கடைத்தெருவில் பஞ்சர் ஒட்டுகிறவர் முன்னால் ஒரு பால்காரர் தன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தார். என் முழங்காலையும் வேட்டியையும் பார்த்து விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் தன் வண்டியை நிமிர்த்தி ஓரமாக வைத்துவிட்டு, "எம் பால் இன்னா ஓடியா பூடும்? மாமனை மொதல்ல பாருப்பா" என்றார். பஞ்சர்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, "இவ்ளோ தூரம் வந்துட்டு கழுகு பாக்காம போறியே சார்! உச்சிவேளைக்கு வந்துரும்" என்று அங்கலாய்த்தார். மலைக் கோயிலில் சோறு வாங்கித் தின்ன வரும் அந்தக் கழுகுகள் அன்று என்னை மன்னிக்க வேண்டும். பால்காரர் பெயரைக் கேட்டு வைக்கவில்லையே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அங்கிருந்து மேடு இல்லை. ஆனால் கடல் காற்று எதிரே நின்று மார்பில் கை வைத்துத் தள்ளியது. பனையும் சவுக்குமாக வந்தது, ரோட்டில் மணல் ஏறியது. புதுப்பட்டினத்துத் தெருவுக்குள் நுழைந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது தெருவோரம் நின்ற ஒரு லாரி. அடுத்து, பந்தல். அதற்கு அடுத்தது கண்ணால் பார்த்ததல்ல, காதால் கேட்டது. வீல் என்று ஒரு குழந்தையின் அலறல்.

முடிந்துவிட்டது. அந்த அலறல் எதற்கு என்று தெரியாதவன் உண்டா? சைக்கிளைப் போட்டுவிட்டுப் பந்தலுக்குள் ஓடினேன். மணையில் காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். பெரிய மீசை. அவன் மடியில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு செல்வி கதறிக்கொண்டிருந்தாள். வலது காதில் சிவப்புக்கல் கம்மல்.

நான் செய்து கொண்டுவந்த கம்மல்.

"யாருடா நீ?" என்று கத்திவிட்டேன். மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். காது குத்தும் ஆசாரி ஊசியோடு திரும்பினார். அந்த மீசைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கிழிந்த வேட்டி, ரத்த முழங்கால். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியா அண்ணாத்த! நான்தான் எதிர்வூட்டு மாணிக்கம். ஒரு காதுதான் ஆச்சி. இன்னொரு காது உனுக்குத்தான் கீது. வா, குந்து."

அவர் எழுந்து குழந்தையை என்னிடம் நீட்டினார். நான் உட்கார்ந்தேன். செல்வி என் மடியில் இன்னும் பலமாக உதைத்தாள். இரண்டாவது தடவை ஊசி இறங்கும்போது அவள் என் கட்டைவிரலைக் கடித்தாள். மாமன் கண்ணீர் விடக்கூடாது என்று சாஸ்திரம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் அன்று அதை மீறினேன்.

பிறகுதான் நடந்தது தெரிந்தது. ராத்திரி வீடு திரும்பிய மாணிக்கம், நான் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் சவுக்குக் கட்டை ஏற்றக் கடற்கரைப் பக்கம் கிளம்பியிருக்கிறார். அவர் மனைவி சாமி படத்தடியில் பையைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டுக்கு ஓட, ராஜம்மா தலையில் அடித்துக்கொண்டாளாம். பையை மாணிக்கத்திடம் கொடுத்துப் புதுப்பட்டினத்து வாத்தியார் வீடு என்று சொல்லியனுப்பினார்கள். நான் காட்டு ரோட்டில் தேங்காயைத் துரத்திக்கொண்டிருந்தபோது, பை நல்ல ரோட்டில் லாரி சீட்டில் உட்கார்ந்து எனக்கு முன்னால் போய்விட்டது. நல்ல நேரத்தில் புறப்பட்டது அதுதானே?

ஆனால் பை மட்டும் தனியாக வந்து சேர்ந்ததுதான் வினையாகிவிட்டது. "பாத்தியா? மாமன் வரல. லாரிக்காரன் கிட்ட கம்மலைக் குட்த்து அனுப்பிட்டான்" என்று அத்தை ஆரம்பித்துவிட்டார். தன் பிள்ளை மடியில் குழந்தையை வைக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். மாணிக்கம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, "இல்லம்மா, அவுரு சைக்கிள்ல காட்டு ரோட்ல வந்துகினு கீறாரு. அந்தத் தொல்லை பிடிச்ச ரோட்ல லேட்டாத்தான் ஆவும்" என்று சாதித்திருக்கிறார். என்னை அவர் பார்த்ததுகூட இல்லை. கட்டை ஏற்றப் போக வேண்டியவர் போகாமல் வாசலிலேயே நின்றிருக்கிறார். நேரம் நெருங்க நெருங்க எல்லோரும் தங்கத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணன் மடியிலே தவிர வைக்க மாட்டேன்" என்றாளாம் தங்கம். பிறகு மாணிக்கத்தைப் பார்த்து, "எங்க வீட்டுச் சீரைத் தூக்கிக்கிட்டு வந்து, எங்க அண்ணனுக்காக இத்தனை பேர்கிட்டயும் சண்டை போட்டீங்க. எனக்கு அண்ணன் வேற எப்படி இருக்கணும்? உட்காருங்க" என்றாளாம். அவர் கை எண்ணெய்ப் பிசுக்கு என்று சொல்லி மறுத்திருக்கிறார். அவளே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாளாம். வலது காது ஆகும்வரை வாசலில் வைத்த கண்ணை எடுக்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

"தூணில் சாய்ப்பேன்னு சொன்னியே?" என்று கேட்டேன்.

"நிஜத் தூணே வந்து நின்னா என்ன பண்றது அண்ணே?" என்றாள்.

பந்தியில் என்னையும் மாணிக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்த அத்தை தானே வந்து என் முழங்காலுக்கு மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார். "இவ்ளோ அடிபட்டா வந்தே, பேஜாரு பிடிச்ச புள்ள" என்று திட்டிக்கொண்டேதான் போட்டார். திட்டு இனித்தது. சாப்பிட்டதும் மாணிக்கம், மாமல்லபுரத்துப் பக்கம் போய் லோடு ஏற்றிக்கொண்டு காலையில் வருவதாகவும், என்னையும் சைக்கிளையும் செங்கல்பட்டில் விடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். மறுபடி காட்டு ரோட்டில் அனுப்பினால் தன் மனைவி தனக்குச் சோறு போடமாட்டாள் என்றார்.

மாலையில் மாப்பிள்ளையோடு கடற்கரைக்குப் போனேன். வலை உலர்த்தியிருந்தார்கள். சட்டைப் பையில் ஏதோ குத்தியது. பச்சையம்மா கொடுத்த வேப்பங்குச்சிகள். தூர எறிய மனம் வரவில்லை. பஸ் ஒழுங்காக வந்திருந்தால் டிக்கெட் வாங்கி, தூங்கி, இறங்கி, காது குத்தி, ஊர் திரும்பியிருப்பேன். இந்தப் பக்கத்து மனிதர்களில் ஒருவரையும் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன். அந்தக் கல்யாண வீட்டுக்காரர்கள் யாரோ, பஸ்ஸைக் கொண்டுபோனதற்காக அவர்களையும் வாழ்த்தினேன்.

செவ்வாய்க்கிழமை காலை தங்கம் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்த தேங்காயெண்ணெயோடு செல்வியைத் துரத்திக்கொண்டிருந்தாள். குத்தின காதுக்குப் போட வேண்டும். அவள் யார் கைக்கும் அகப்படவில்லை. கடைசியில் என்னிடம் வந்து இடது காதைத் திருப்பிக் காட்டினாள்.

"இது சைக்கிள் மாமா காது" என்றாள்.

போட்டேன். சமத்தாக இருந்தாள். வலது பக்கம் திரும்பச் சொன்னபோது கையால் பொத்திக்கொண்டுவிட்டாள்.

"இது லாரி மாமா காது."

இரண்டும் ஒரே தலையில்தானே இருக்கின்றன என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். பாச்சா பலிக்கவில்லை. கிண்ணத்தை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தோம். வெயில் ஏறினபிறகு தெருமுனையில் ஹாரன் கேட்டது. சவுக்குக் கட்டை ஏற்றின லாரி வந்து நின்றது. மாணிக்கம் குதித்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு யாரும் சொல்லாமலே கிணற்றடிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து குந்தினார். செல்வி வலது காதைக் கொடுத்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப் போன அந்த விரல் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

சைக்கிளைக் கட்டைமேல் ஏற்றிக் கட்டினோம். தங்கம் அந்த மஞ்சள் பையைக் கொண்டுவந்து லாரி ஜன்னல் வழியாக என்னிடம் கொடுத்தாள். முறுக்கு வாசனை. "பாதி உனக்கு, பாதி சின்னண்ணனுக்கு. நீயே தின்னுடாதே" என்றாள். மாணிக்கம் அந்தப் பையை என்னிடமிருந்து வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தார்.

தங்கத்துக்குப் பிறந்த வீடு என்று சொல்ல நான் ஒருவன்தான் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது திங்கட்கிழமை காலைவரைக்கும்தான் உண்மை.